மண்ணின் மேல் போட்ட பழி

சொல்ல வெட்கமாக இருக்கிறது கண்ணுகளா. ஆனாலும் இதை என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ச் சங்கத் தலைவி நெல்டா சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

எங்கள் எல்கி பள்ளத்தாக்கில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ராத்திரி வானத்தைக் காட்ட வீட்டுக்கு ஒரு தொலைநோக்கி உண்டு. நான் காட்டியது பட்டப்பகலில் வெள்ளிக் கிரகத்தை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடுவதால் கைபேசிதான் வழிகாட்டி. தொலைநோக்கிக் குழாய் இரும்பு. அது திசையைக் குழப்பாமல் இருக்க, மேலே ஒரு சாண் உயரத்துக்கு மரக்கட்டை வைத்து அதில் கைபேசியைக் கட்டியிருந்தேன். கைபேசி திசையைச் சரியாகச் சொன்னால் வெள்ளி தானாகக் கண்ணாடிக்குள் வந்து நிற்கும். ஆண்டகோயோ மாதா திருவிழாவுக்கு முன்னால் என் முற்றத்திலேயே இரண்டு முறை வந்து நின்றது.

அதைக் கேள்விப்பட்டு, மத்தியானச் சுற்றுலாப் பேருந்துகளை நம் ஊரில் நிறுத்தலாம் என்று ஊர்ச் சங்கம் முடிவெடுத்தது. இடம் பௌதிலியோவின் ஆட்டுப்பட்டி. அங்கே உயரமான மண்சுவர் இருக்கிறது. அதன் நிழலில் நின்றால் சூரியன் தப்பித் தவறியும் குழாய்க்குள் விழாது. பௌதிலியோவின் மகளுக்கு நான் ஞானத்தாய். அதனால் அவருக்கு நான் கோமாத்ரே, எனக்கு அவர் கோம்பாத்ரே. பேருந்து நின்றால் அவருடைய பாலாடைக்கட்டி விற்கும். நிற்காவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு, அந்தோஃபகஸ்தா நகரத்தில் மகளின் ஐந்தாம் மாடி வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான்.

ஒத்திகை பார்த்த அன்று வெள்ளி வரவில்லை. கைபேசியைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டுப் போட்டுத் திசையைச் சரிசெய்தேன். அப்படியும் வரவில்லை.

"உங்க வீட்டு இரும்புதான் இழுக்குது கோம்பாத்ரே" என்றேன்.

அடுப்பை வெளியே தூக்கிப் போட்டார். கடப்பாரை, லாடம் எல்லாம் போயின. கடைசியில் பட்டியின் இரும்புக் கதவையே கழற்றிவிட்டு, இரண்டு பலகையைக் கயிற்றால் கட்டினார்.

"வாயில ரெண்டு பல்லு உலோகம் கோமாத்ரே. அதையும் புடுங்கட்டா?"

அன்று ராத்திரி ஆடுகள் பலகையைத் தள்ளிக்கொண்டு மலையேறிவிட்டன. விடிந்ததும் தேடிப் பிடித்தார். மந்தைக்கு முன்னால் நடக்கும் மோரா என்கிற ஆடு மட்டும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் முழுக்க வந்து நின்றது. அன்றும் கண்ணாடிக்குள் வெறும் நீலம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இந்த மண்ணே சரியில்ல. கீழ இரும்புத்தாது கிடக்கு."

பௌதிலியோ இளவயதில் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உடனே நம்பிவிட்டார்.

சங்கத் தலைவி நெல்டா, "அப்ப என் பப்பாளித் தோட்டத்துல வைங்க. அங்க கொசுவைத் தவிர எதுவும் இழுக்காது" என்றாள். அப்படியே தீர்மானமாயிற்று.

மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தேன். மணிக்கட்டு வலிக்கு நல்லது என்று திருவிழாக் கடையில் வாங்கிய காந்த வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். பக்கத்தில் கைபேசி திறந்து கிடந்தது. அதிலிருந்த திசை அம்பு சட்டென்று திரும்பியது. வளையத்தை நகர்த்தினேன், அம்பும் நகர்ந்தது. எட்டுப் போட்டதும் அந்தக் கைதான். கைபேசிக்கு நாலு விரல் தள்ளி மரக்கட்டையைப் பிடித்துக் குழாயைத் திருப்பியதும் அந்தக் கைதான்.

யாரிடமும் சொல்லவில்லை. வளையத்தைக் கழற்றிவிட்டு நெல்டா தோட்டத்தில் வெள்ளியைக் காட்டிவிட்டால் போதும், என் பேர் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அப்படி ஒன்பது நாள்.

நாலாம் நாள் பௌதிலியோ பாலாடைக்கட்டியோடு வாசலில் நின்றார்.

"என் மண்ணால உங்க பேரு கெட்டுப்போச்சு கோமாத்ரே. மன்னிச்சுக்குங்க."

வாங்கிக்கொண்டேன். தின்னவும் தின்றேன்.

ஒன்பதாம் நாள் திரும்ப வந்தார். "வியாழக்கிழமை ஆடு வாங்க ஆள் வர்றாங்க" என்றார், மழை வரும் என்கிற மாதிரி.

அவரை மேசைக்குக் கூட்டிப்போய்க் கைபேசியையும் வளையத்தையும் வைத்துக் காட்டினேன். அவரே வளையத்தை இரண்டு முறை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"அப்ப மண்ணு மேல தப்பில்ல."

"இல்ல."

"கதவு மேலயும் இல்ல."

"இல்ல கோம்பாத்ரே."

"மோரா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வளையத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "எங்கிட்ட சொன்னது போதாது. எல்லார் முன்னாலயும்தானே மண்ணைச் சொன்னீங்க. அங்கயே சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் புதன்கிழமை காலை சங்கத்தில் எழுந்து சொன்னேன். வளையத்தையும் எடுத்துக் காட்டினேன்.

"கை வலிக்கு வளையம் போட்டீங்க, சரி. வாய்க்கும் ஒண்ணு வாங்கிக்குங்க" என்றாள் நெல்டா. எல்லோரும் சிரித்தார்கள். பௌதிலியோ சிரிக்கவில்லை.

வெள்ளி தெரிந்தால் பேருந்து பட்டியிலேயே நிற்கட்டும் என்று சங்கம் சொல்லிவிட்டது. அன்று மத்தியானமே அவர் பட்டிக்குப் போனேன். இரும்புக் கதவு பழைய இடத்தில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் ஏது? வெறும் கையோடு சுவர் நிழலில் நின்று குழாயைத் திருப்பினேன். பன்னிரண்டு அடி தள்ளியிருந்த அந்தக் கதவு ஒன்றும் செய்யவில்லை. நீலத்துக்குள் நகத்துணுக்குப் போல வெள்ளி வந்து நின்றது.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"அழகாத்தான் இருக்கு. நாளைக்கு வர்றவங்களைத் திருப்பி அனுப்பிடுறேன்."

பிறகு மலைப் பக்கம் திரும்பி, இரண்டு விரலை வாயில் வைத்து மோராவுக்கு விசிலடித்தார். காது கொடுத்துக் கேட்டார். திரும்பவும் அடித்தார். நான் வலிக்கிற மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளி கண்ணாடிக்குள்தான் இருந்தது. குனிந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.