ஓட்டை அடைத்த சுவர்

1938 ஐப்பசியில் திண்டிவனத்தில் மூன்று நாளாக விடாத மழை. சவுரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மேட்டுமனைக்காரர் தேவநாதன், மண் சரியாமலிருக்க அவள் வீட்டுக்குப் பின்னால் கட்டிய கருங்கல் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. நாலு முழம் தள்ளி, கூரைக்குள், மகள் செண்பகம் எட்டு நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள்.

அந்தச் சுவருக்குப் பர்மிட் கொடுத்த பஞ்சாயத்து போர்டு ஓவர்சியர் இரண்டே நிபந்தனைதான் போட்டிருந்தார். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேற அடியில் எட்டு ஓட்டை விடவேண்டும். அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போக வாய்க்கால் வெட்டவேண்டும். தேவநாதன் ஓட்டையை விட்டார், வாய்க்காலை விட்டுவிட்டார். புரட்டாசி மழையில் தண்ணீர் நேராக வந்து, இவள் முற்றத்தில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையை நனைத்தது. பெரிய மனுஷரிடம் போய்ச் சண்டை போடவா முடியும்? களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து, யாருக்கும் தெரியாமல் எட்டையும் அடைத்துவிட்டாள். அப்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

இப்போது வெளியேற வழியில்லாத தண்ணீர் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் சுவர்ச் செலவு அவள் தலையில் விடியும். திறக்காவிட்டால் சுவரே பிள்ளையின் தலையில் விழும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பயந்தவள் யோசித்தாள், மூன்று நாள் யோசித்தாள்.

உச்சிப்பொழுதில் ஒரு கல் பெயர்ந்து பொத்தென்று விழுந்தது. மகளையும் பிள்ளையையும் எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடப்பாரையோடு சுவரடியில் குனிந்தாள். முதல் ஓட்டையைக் குத்தியதும் செம்மண் தண்ணீர் முகத்தில் அடித்தது. எட்டாவதைக் குத்தி நிமிர்ந்தபோது, மேலே தேவநாதன் நின்றுகொண்டிருந்தார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை.

"நான்தாங்க அடைச்சேன். மல்லாட்டை நனைஞ்சிக்கினே இருந்துச்சு."

"தெரியும், சவுரியம்மா. அடைச்ச மறுநாளே பாத்தேன்."

"பின்ன ஏங்க கேக்கல?"

"கேட்டா நான் வாய்க்கா வெட்டணுமே."

மூன்று நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவள் கடப்பாரையைத் தரையில் ஓங்கி ஊன்றினாள். ஆனாலும் குரல் உயரவில்லை.

"எம் பொண்ணு பச்சப்புள்ளயோட இங்கதாங்க படுத்துக்கினு இருந்தா."

தேவநாதன் போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தாள். தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது, குடைகூட இல்லாமல், மண்வெட்டியோடு அவரே இறங்கி வந்தார். தலை நிமிராமல், எந்தப் பக்கம் வெட்டட்டும் என்று அவளைக் கேட்டார்.