இரண்டாவது மில்லின் முதல் ஷிஃப்ட்

பத்திரிகையில் என் நாத்தனாரின் படம் வந்த அன்று என் மாமியார் வீட்டில் ஆளுக்கொரு பிரதி வாங்கிவிட்டார். ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் படத்திலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வயிறு எரிந்துகொண்டிருந்ததால் அடிக்கடி தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது.

அவளும் நானும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே வேலை பார்க்கிறோம். இதய நோய் யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது என்று ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து கணக்கெடுக்கிற வேலை. உறவுக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் கல்யாண வீட்டில் மணிக்கட்டை நீட்டுவார்கள். நாங்கள் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை என்று சொன்னால், அப்புறம் இத்தனை வருஷமாக என்னதான் படித்தீர்கள் என்பார்கள்.

இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் வீட்டுக்குப் போய் வந்த பழக்கத்தில்தான் அவள் அண்ணன் எனக்குக் கணவரானார். வேலையில் சேர்ந்தபோது அவள் கணினிப் பக்கம் போனாள், நான் களத்துக்குப் போனேன். மூன்று நூற்பு மில்களின் வாசலில் நின்று, வேலை முடிந்து பஞ்சுத் தூசியோடு வருகிறவர்களைக் கெஞ்சி உட்காரவைத்து, கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தவள் நான். அந்த எண்களைக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கூட்டிக் கழித்தவள் அவள். நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பெயர் பாப்பா. மேடை ஏறுவது பாப்பா, பேட்டி கொடுப்பது பாப்பா. நன்றியுரையில் "களப்பணியாளர்கள் அனைவருக்கும்" என்று ஒரு வரி வரும். அந்த 'அனைவரில்' நானும் ஒருத்தி.

இப்போது எங்கள் ஆய்வின் தலைவர் ஓய்வுபெறப் போகிறார். அவரைப் பெரியவர் என்போம். அவருடைய நாற்காலிக்கு நாங்கள் இருவரும் விண்ணப்பித்திருந்தோம். பாப்பா ஒரு கட்டுரையை முடித்திருந்தாள்: இரவு ஷிஃப்டில் வேலை செய்கிறவர்களுக்கு மாரடைப்பு கூடுதலா என்பது பற்றி. கூடுதல்தான், ஆனால் கொஞ்சம்தான் என்று அவளுக்கு விடை வந்திருந்தது. அது நல்ல ஆய்விதழில் வந்தால் நாற்காலி அவளுக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர், அவர் போட்ட வழியைப் பார்க்காமல், மூலத் தகவலிலிருந்து முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கட்டுரை வெளியே போகும். பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பாவோட கணக்கை நீதாம்மா சரிபாக்கணும். திங்கக்கிழமை கூட்டத்துல சொல்லிடு" என்றார்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றேன்.

விடுமுறை நாள் மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கணினியோடு உட்கார்ந்தேன். பல் டாக்டரான என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, முகத்துல இவ்வளவு வெளிச்சம்?"

"உங்க தங்கச்சி கணக்கைச் சரிபாக்கறேன்."

"சரிபாக்கற மாதிரி தெரியலையே. சொத்தைப் பல்லைத் தேடற மாதிரில்ல இருக்கு."

"உங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போங்க."

அவர் சொன்னது நிஜம்தான். வயது, புகைபிடிக்கும் பழக்கம், சர்க்கரை, விலகிப் போனவர்கள், இறந்தவர்கள் என்று ஒன்று விடாமல் குடைந்தேன். வேறு யாருடைய கட்டுரைக்கும் நான் இப்படி உழைத்ததில்லை. மாலைக் காபி நேரத்தில் விடை வந்தது. அவளுடைய விடையோடு ஒத்துப்போகவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். மாட்டினாள் என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து எங்கே இடறுகிறது என்று பார்த்தேன். ஷிஃப்ட் எண்ணில். மற்ற இரண்டு மில்களில் காலையில் வருவது முதல் ஷிஃப்ட், மாலையில் வருவது இரண்டாவது, இரவில் வருவது மூன்றாவது. இரண்டாவது மில் மட்டும் தனி ரகம். அங்கே நாள் தொடங்குவதே இரவு ஆட்கள் உள்ளே நுழையும்போதுதான். அவர்கள்தான் முதல் ஷிஃப்ட். மாலையில் வருகிறவர்கள் மூன்றாவது. வாசலில் நின்ற எனக்கு அது பழக்கத்தில் தெரியும், யோசிக்காமலே சரியாகப் பிரித்திருந்தேன். கணினியில் ஏறியது எண் மட்டும்தான் என்பதால் பாப்பா எல்லா மில்லிலும் மூன்றை இரவு என்று எடுத்துக்கொண்டாள். இரண்டாவது மில்லின் இரவு ஆட்கள் அத்தனை பேரும் அவள் கணக்கில் பகல் ஆட்களாகிவிட்டார்கள், மாலை ஆட்கள் இரவு ஆட்களாகிவிட்டார்கள்.

சந்தோஷம் அதோடு வடிந்துவிட்டது. ஏனென்றால் சரியான விடை அவளுடையதைவிடப் பெரியது. ஆட்கள் இடம் மாறிக் கலந்ததால் அவளுக்கு வித்தியாசம் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. திருத்தினால் இரவு ஆட்களுக்கு ஆபத்து மளமளவென்று ஏறுகிறது. எந்த இதழும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும். அவளைக் கவிழ்க்கத் தேடிப் போன பிழை அவளைத் தூக்கிவிடுகிற பிழையாக இருந்தது. என் அதிர்ஷ்டம் அப்படி.

ஒரே ஒரு வரியை மாற்றினால் என் கணக்கும் அவளுடையது போலவே ஆகிவிடும். ஒத்துப்போகிறது என்று சொல்லிவிடலாம். மங்கலான அந்த விடையை இதழ்கள் திருப்பி அனுப்பும், நாற்காலி எனக்கு வரும், பிறகு சாவகாசமாக நானே பிழையைக் கண்டுபிடித்து என் பெயரில் எழுதலாம். இதையெல்லாம் நினைக்க எனக்கு வெட்கமாக இல்லை. விரல் அந்த வரிமேல்தான் இருந்தது.

ஆனால் மாற்ற முடியவில்லை. நல்லவள் என்பதாலா என்றால், இல்லை என்றே சொல்வேன். அந்த முதல் ஷிஃப்ட் ஆட்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். விடிகாலையில் கண் சிவந்து வெளியே வந்து, பட்டை சுற்றும்போதே உட்கார்ந்தபடி தூங்கிப் போவார்கள். அவர்களில் மாரடைப்பில் போனவர்களின் வீட்டுக்கு விசாரிக்கப் போனதும் நான்தான். அவர்களைப் பகலில் வேலை செய்தவர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கூட்டத்தில் சொன்னேன். குரல் மட்டும் கொஞ்சம் வெடுக்கென்று வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது பெரிய விஷயம்மா" என்று பாப்பாவைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து அல்ல. பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரை நல்ல இதழில் வந்தது. இரண்டாவது பெயராக என் பெயரும் இருந்தது. நாற்காலி அவளுக்குப் போனது. எங்கள் வீட்டில் விருந்து நடந்தது. நான் சிரித்துச் சிரித்துத் தாடை வலி கண்டு, பாத்திரம் தேய்க்கிறேன் என்று சமையலறைக்குள் புகுந்துகொண்டேன். பாப்பா துணியோடு பின்னாலேயே வந்து, தேய்த்து வைத்ததைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு. கோவிச்சுக்கறதா வேணாமான்னு அப்புறம் பாக்கறேன்."

"உங்களைச் சரிபாக்கப் போடச் சொன்னதே நான்தான். பெரியவர் தானே பாக்கறேன்னார். நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"அவருக்கு என்மேல பிரியம். மேலோட்டமா பாத்துட்டு பிரமாதம்னு சொல்லிடுவார். நீங்கதான் விடாம குடைவீங்க. என்மேல உங்களுக்கு அவ்வளவு எரிச்சல்."

குழாயை மூடினேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதே வியாதிதானே அண்ணி, தெரியாமப் போகுமா? மில்லுக்குப் போனா யாரும் என்கிட்ட கையை நீட்ட மாட்டேங்கறாங்க, உங்க அண்ணி வரலையாங்கறாங்க. அம்மாவுக்கு நெஞ்சுல லேசா குத்தினாக்கூட உங்களைத்தான் கூப்பிடறாங்க. பெத்த பொண்ணு நான் பக்கத்துலயே நிக்கறேன்." அவள் ஒரே தட்டை மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குக் கூட்டத்துல நீங்க எழுந்து சொன்னப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு. சந்தோஷத்துல இல்லை. அந்த மில் விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையேன்னு."

அவள் கையிலிருந்த தட்டை வாங்கி அடுக்கில் வைத்தேன்.

"அடுத்த கட்டுரை நீங்கதான் எழுதணும். அதை நான்தான் சரிபாப்பேன்" என்றாள். "ஒண்ணையும் விட மாட்டேன், பாத்துக்குங்க."

"பாரேன்" என்றேன்.

என்மேல் பாப்பாவுக்குப் பொறாமை! அந்த நாற்காலி கிடைத்திருந்தால்கூட வயிறு இப்படிக் குளிர்ந்திருக்காது. மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய் அடுத்த கட்டுரையைத் தொடங்கினேன். அவளுக்கு அதில் ஒரு பிழைகூடக் கிடைக்கக் கூடாது.