முற்றுப்புள்ளியும் ‘நைஸ்’ என்ற சொல்லும்

அகராதிப் பிரிவின் தலைமை ஆசிரியருக்கு அலுவலகத்தில் முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பிழையில்லாத அச்சுப்படியின் ஓரத்தில் பச்சை மையால் ‘நைஸ்’ என்று எழுதுவார். முப்பது வருடத்தில் அவரிடமிருந்து யாருக்கும் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியின் புதிய பதிப்பில் அதே சொல் துணை ஆசிரியையின் பங்கில் விழுந்தது. அவள் மூன்று அட்டைகளில் குறிப்பெழுதிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். ஒன்று சொல்லின் பிறப்பு, ஒன்று ஆங்கிலப் பொருள்கள், மூன்றாவது தமிழுக்கு வந்து அது போட்ட வேஷங்கள். நைஸாக நழுவுவது, நைஸ் பண்ணிக் காரியம் சாதிப்பது, நைஸாக அரைப்பது.

முதல் இரண்டையும் ஒதுக்கிவிட்டு அவர் மூன்றாவதைக் கையில் எடுத்தார்.

“இது என்னம்மா?”

“ஜனங்க பேசறது சார்.”

“ஜனங்க என்னென்னமோ பேசுவாங்க. இது அகராதி. இனிய, நல்ல. ரெண்டு வார்த்தை போதும்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தவளிடமிருந்து தட்டச்சு அக்கா முதல் அட்டையை வாங்கிப் படித்தாள். ‘அறியாத’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு அசடு, மடையன் என்றுதான் பொருள். பிறகு கூச்சக்காரன் ஆனது. பிறகு எதையெடுத்தாலும் நொட்டை சொல்கிற ஆள். பிறகு நுட்பமானது. நல்லது, இனியது என்ற பொருளெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்போ இத்தனை வருஷமா நம்மள அசடுன்னா எழுதிக்கிட்டு இருந்தாரு?”

“பழைய அர்த்தத்துல பார்த்தா அப்படித்தான்க்கா.”

மறுநாள் காலை கோப்பைக் கொண்டுபோய் வைத்த அக்கா, வாசல்வரை வந்து திரும்பி, “நீங்க ரொம்ப நைஸ் சார்” என்றாள். அவர் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் விஷயம் புத்தகக் கிடங்குவரை போய்விட்டது. கிடங்குக்காரர் வேலையே இல்லாமல் மாடியேறி வந்து, “சார் மாதிரி நைஸான ஆளை நான் பார்த்ததில்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். துணை ஆசிரியை மேசைக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள்.

நான்கைந்து நாளில் சிரிப்பு கொஞ்சம் சுருதி இறங்கியது. ஏனென்றால் அவர் தலையைப் படிய வாரிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார். அக்காவின் மகளுக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டு, “நீ கிளம்பும்மா, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்” என்றார். கிடங்குக்காரருக்கு முதுகுவலி என்றதும் தன் நாற்காலி மெத்தையை அனுப்பினார். அந்த மனிதரிடம் யாருமே இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் துணை ஆசிரியைக்கு உறைத்தது. ஆனாலும் மூன்றாவது அட்டையின் கோபம் அவளுக்கு ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் அறையில் சுவருக்குப் பட்டி பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அச்சுப்படியோடு காத்து நின்றாள். பெயின்டர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, “கை வச்சுப் பாருங்க சார்” என்றார். முற்றுப்புள்ளி சுவரைத் தடவினார்.

“இந்த மூலை இன்னும் நைஸா வரலையேப்பா.”

அடுத்த நிமிடமே வீட்டிலிருந்து அவர் மனைவியின் போன். “உன் தம்பியா? நைஸா பேசி அனுப்பிடேன். நான் வந்து மாட்டிக்கிட்டா ராத்திரி வரைக்கும் விடமாட்டான்.”

அவள் இடத்துக்குப் போய் நான்காவது அட்டை எழுதினாள். இரண்டு வாக்கியங்களும் ஒரு எழுத்து பிசகாமல். கீழே, ‘பேச்சு வழக்கு. சொன்னவர்: தலைமை ஆசிரியர். செவ்வாய், காலை 11.10’. நான்கையும் அடுக்கி அவர் முன்னால் வைத்தாள்.

நான்காவதை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு முதல் அட்டையை எடுத்தார். படிக்கப் படிக்கக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

“எத்தனை நாளாம்மா இது?”

“பதினோரு நாள் சார்.”

“எல்லாருமா?”

“பழைய அர்த்தத்துலதான் சார் ஆரம்பிச்சோம். நடுவுல எப்படியோ மாறிடுச்சு.”

“எப்போ மாறுச்சுன்னு தேதி சொல்ல முடியுமா?”

அவள் யோசித்தாள். “முடியல சார்.”

“பெரும்பாலான சொல்லுக்கு முடியாது” என்றார். அவர் உதட்டோரம் லேசாகக் கோணியது. கோபமாக இருக்குமோ என்று அவள் பயந்தாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அட்டையை அச்சுக்கான தட்டில் வைத்தார். நான்காவதில் ஒரு வரியை மட்டும் அடித்தார். “மச்சான் உதாரணம் வேண்டாம். நம்ம அகராதியைக் காசு குடுத்து வாங்கற ஒரே சொந்தக்காரன் அவன்தான்.”

“சுவர் உதாரணம் சார்?”

“அது இருக்கட்டும். பெயின்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடு.”

பெயின்டர் ஏணியில் நின்றபடியே அட்டையை வாங்கிப் படித்தார்.

“தாராளமா போடுங்கம்மா. ஆனா அந்த மூலை நைஸாத்தான் இருந்துச்சு. அதையும் சேர்த்து எழுதிக்குங்க.”