எந்தத் தண்ணீரிலிருந்து

குமிழி குமிழியாக மேலே வந்துகொண்டிருக்கிறது, அக்கா குடத்தைச் சாய்த்துக் கிணற்றுத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டு நிற்கிறாள், கடைசிப் படியில், பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, களக் களக் என்று குடம் விழுங்குகிறது, கேளுடி, உள்ள ஒருத்தி மூச்சு விடுறா, என்கிறாள், நான் நம்பிவிடுகிறேன், யாருக்கா அவ, என்கிறேன், எனக்கு இன்னா தெரியும், எறங்கிப் போயி நீயே கேளு, என்று ஈரக்கையால் என் பின்னந்தலையில் தட்டுகிறாள், எங்கள் வீட்டுக் கிணறுதான் அது, இல்லை, அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் கிணறாகவும் இருக்கலாம், செஞ்சிப் பக்கத்தில் எங்கே வெட்டினாலும் பாறைதான், எல்லாக் கிணற்றுக்கும் ஒரே மாதிரிக் கருங்கல் படிதான், கனவில் இரண்டும் கலந்துவிடுகின்றன, சில நாள் பாவாடை தாவணியில் நிற்கிறாள், சில நாள் கழுத்தில் தாலியோடு, மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்து நிற்கிறாள், ஏன்க்கா குழந்தையை எங்கே விட்டாய் என்று கேட்கிறேன், அவள் குடத்தை இன்னும் கீழே அழுத்துகிறாள்.

அஞ்சலாட்சி என்று பெயர், கிழவி பேரு என்று சலித்துக்கொள்வாள், ஆனால் யாராவது அஞ்சலை என்று சுருக்கினால் சண்டைக்குப் போவாள், சந்தைக்குக் கூட்டிப்போனால் வளையல் வேண்டாம், ரிப்பன் வேண்டாம், பன்னீர் சோடா வேண்டும், கோலி அடைத்த பாட்டிலில், கடைக்காரர் கட்டைவிரலால் கோலியை அழுத்தும்போது வரும் அந்தச் சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொள்வாள், வீடு வரைக்கும் ஏப்பம் விட்டுக்கொண்டே நடப்பாள், பொட்டப் புள்ள இப்படியாடி ஏப்பம் விடும் என்று அம்மா திட்டினால் இன்னொன்று விடுவாள், வேண்டுமென்றே, பெரிதாக. இலக்கியாவை வயிற்றில் சுமந்தபோதும் அவளுக்கு மாங்காய் கேட்கவில்லை, சாம்பல் கேட்கவில்லை, சோடாதான் கேட்டது, அவள் மாமியார் பச்சையம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது, மகாராணிக்கு சோடா வேணுமாம் சோடா, கடையையே எழுதி வெச்சிடலாமா, என்றாள், அக்கா சிரித்தாள், அத்த, எழுதி வைக்கும்போது என் பேர முழுசா எழுதுங்க, அஞ்சலாட்சின்னு, என்றாள், நானும் சிரித்தேன், அந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு போனபோதெல்லாம் அவள் கையில் ஏதோ ஒரு காயம் இருந்தது, கதவு இடிச்சிடிச்சி, என்பாள், அந்த வீட்டுக் கதவுகள் ரொம்பக் கெட்டவை.

அவர்கள் நிலத்தில் போர் போட்ட சமயத்தில்தான் அவள் காணாமல் போனாள். பெரிய வண்டி வந்து பாறையைத் துளைத்து ஊரெல்லாம் வெள்ளைத் தூளைக் கொட்டியது, தண்ணீரும் பீறிட்டது, போர்தான் வந்தாச்சே, பழைய கிணறு எதற்கு என்று அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை பொக்லைனைக் கொண்டுவந்து கல்லும் மண்ணும் தள்ளிக் கிணற்றை மூடினார், அதெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு ஆள் வந்தது, உங்க பொண்ணு போர் வண்டிக்காரன்கூட ஓடிட்டா, என்று. வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான் அந்த ஆள். பால் குடிக்கிற புள்ளய உட்டுட்டு எவளாவது ஓடுவாளா, என்றாள் அம்மா, யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. போலீஸ்காரர்கள் போர் வண்டி ஆட்களைத் தேடிப்பிடித்து வந்தார்கள், வண்டி ஓட்டியவர் பேரன் பேத்தி எடுத்தவர், சார், நான் நடந்தாலே மூச்சு வாங்குது, எங்கேந்து ஓடறது, என்று ஸ்டேஷனிலேயே அழுதார், அந்தக் கிணற்றைத் தோண்டுங்கள் என்று நான் கத்தினேன், எனக்கு வாய் நீளம், ஊரே சொல்லும், எதை வெச்சும்மா தோண்டறது, சந்தேகத்த வெச்சா, அப்பிடின்னா ஊருல பாதியத் தோண்டணும், என்றார் இன்ஸ்பெக்டர், கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதி மூடினார்கள், கிணற்றை மூடியது போலவே.

எங்கள் பக்கத்தில் தாலியோடு செத்துப்போன பெண் சும்மா போய்விட மாட்டாள், பூவாடைக்காரியாகி வீட்டைச் சுற்றிக்கொண்டு இருப்பாள், அந்த வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப் புடவையும் வளையலும், உயிரோடு இருந்தபோது அவளுக்குப் பிடித்த தின்பண்டமும் வைத்துப் படைக்க வேண்டும், பம்பை அடித்துத் தண்ணீரிலிருந்து அவளை அழைக்க வேண்டும், அவள் வீட்டுப் பெண் யார் மேலாவது ஏறிவந்து, நடத்துங்க, என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கல்யாணம் நிலைக்காது. அம்மா அக்காவுக்குப் படைக்கவே இல்லை, என் கல்யாணத்துக்குக்கூட, சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள், உசுரோட இருக்கிறவளுக்கு எவளாவது படையல் போடுவாளா, என்று எழுந்து போய்விட்டாள். அந்தப் புடவையை வைத்துவிட்டால் அவள் செத்துவிடுவாள் என்பதுதான் அம்மாவின் கணக்கு, எனக்கு அந்தக் கணக்கின் மேல் கோபம் கோபமாக வரும், ஆனால் நானும் பஸ்ஸில் பின்னால் யாராவது ஏப்பம் விட்டால் திரும்பிப் பார்க்கிறவள்தான்.

பச்சையம்மாள் எங்கள் வீட்டுப் படியேறி வந்தபோது எனக்கு முன்தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இலக்கியாவுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது என்றாள், ஏற்கெனவே இரண்டு இடம் பேசி முடித்துத் தட்டிப்போனது, இதுவாவது நல்லபடியா நடக்கணும், தாய் வழியில ஒருத்தியாவது வந்து நிக்கணும் இல்ல, பழச மனசுல வெச்சிக்காதம்மா, என்று என் கையைப் பிடித்தாள், உறக்கமில்லாதவள் கண்ணாக இருந்தது அவள் கண், ஒருத்தி வந்து வந்து நிக்கிறாம்மா, ஈரத்தோட, என்று ஏதோ தொடங்கி நிறுத்திக்கொண்டாள். நான் போனேன், அந்தப் பெண்ணுக்காகப் போனேன், ஓடிப்போனவள் மகள் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த பெண், அக்காவின் நெற்றி, அக்காவின் பல் வரிசை, வாங்க சின்னம்மா என்று அவள் கூப்பிட்டபோது எனக்கு அழுகை வந்தது, வெளியே காட்டவில்லை. கூடத்தில் படையல் தயாராக இருந்தது, யாருக்கு என்று கேட்டேன், எங்க வீட்டுக்காரரோட அத்த, அந்தக் காலத்துல பிரசவத்துல போனவங்க, என்றாள் பச்சையம்மாள் என் முகத்தைப் பார்க்காமல், முறத்தில் பச்சை நிறப் புதுப் புடவை, கண்ணாடி வளையல், மஞ்சள், கதம்பம், வெற்றிலை பாக்கு, பக்கத்தில் வாழை இலையில் வடை, பாயசம், இலையின் ஓரத்தில், ஒரு பன்னீர் சோடா.

கோலி போட்ட பாட்டில், இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது, தேடி அலைந்து வாங்கியிருக்க வேண்டும். அந்தக் காலத்து மனுஷிக்கு எதுக்கு அத்தை சோடா என்று கேட்க வாயைத் திறந்தேன், என் நீள வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, செத்துவிட்டாள் என்று போலீஸ் சொல்லவில்லை, கோர்ட்டு சொல்லவில்லை, ஓர் இலை சொல்லிவிட்டது, அவ்வளவு காலமாக எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அந்த நிமிஷத்தில்தான் அக்கா செத்தாள்.

பம்பைக்காரர் வெளியூர் ஆள், திருவண்ணாமலைப் பக்கம், இந்த வீட்டுக் கதை எதுவும் அறியாதவர், பொழுது சாய்கிற நேரம், பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரைம்மா அழைக்கணும், பேரச் சொல்லுங்க, பேரச் சொன்னாத்தான் பம்ப கூப்பிடும், என்றார், எங்க பெரியத்தைதான், பொதுவா அழைங்க, என்று ஏழுமலை குறுக்கே வந்தார், பொதுவால்லாம் அழைக்க முடியாதுங்க, பேர மாத்திச் சொன்னா வர வேண்டியவ கோச்சிக்குவா, கல்யாணப் பொண்ணுக்கு ஆவாது, என்றார் அவர், தொழில் பேச்சாக, சாதாரணமாக. கூடம் நிறைய ஊர் சனம், பச்சையம்மாள் மகனைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள், மாலைபோட்ட மேடையைப் போல் அலங்கரித்திருந்த அந்த முறத்தைப் பார்த்தாள், அஞ்சலாட்சி, என்றாள், முழுசாக. எந்தத் தண்ணியிலேந்தும்மா அழைக்கிறது, என்றார் பம்பைக்காரர் அடுத்து, ஏரியிலேந்துதான், எப்பவும் ஏரிதான், என்றார் ஏழுமலை, குரல் கீச்சென்று போனது, அது எப்பவுங்க, இவங்களுக்கு எந்தத் தண்ணி, வேற தண்ணியில நின்னு கூப்பிட்டா வேற எவளாவது ஏறி வந்துடுவா, அப்பறம் என்னக் கேக்கக் கூடாது, என்றார். பச்சையம்மாள் பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள், ஏரிப் பக்கம் திரும்பவில்லை, கொல்லை வழியாக, போர் மோட்டார் கொட்டகையைத் தாண்டி, எருக்கு மண்டிக்கிடந்த மேட்டுக்கு, தண்ணீரே இல்லாத இடத்துக்கு, படையல் முறத்தையும் இலையையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் பின்னால் போனோம், மேட்டின் மேல் நின்றுகொண்டு, இங்க அடிங்க, என்றாள்.

பம்பை அடிக்கிறது, இன்னும் அடிக்கிறது, எனக்குள் அது ஓயவே இல்லை, அந்த அடிக்கு நடுவிலேதான், பிறகு நான் புகார் கொடுக்கப் போய் உட்கார்ந்த ஸ்டேஷன் பெஞ்சும் வருகிறது, புது இன்ஸ்பெக்டர், சின்ன வயது, மரியாதையாகத்தான் கேட்டார், வயசானவங்க சாமி கும்பிட்டதுக்கு எப்படிம்மா கேஸ் போடறது, சோடா வெச்சதுக்கா, என்றார், பச்சையம்மாளை அழைத்து விசாரித்தார்கள், கனவுல வந்துச்சு, அதான், என்று சொல்லிவிட்டு அதோடு வாயை மூடிக்கொண்டாள், அவளால் போலீஸிடம் பொய் சொல்ல முடியும், பம்பையிடம்தான் முடியாது, ஊரும் ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, தோண்டச் சொல்லிக் கொடுத்த மனு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்குகிறது, ஏழுமலை அந்த மேட்டில் சிமென்ட் களம் போடப்போவதாகக் கேள்வி. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பன்னீர் சோடாவா, என்று மட்டும் கேட்டாள், பிறகு அழுதாள், அத்தனை காலமும் அடக்கி வைத்திருந்ததை அழுதாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள், நான் தடுக்கவில்லை, ஒரு தாய் தன் பெண்ணுக்கு ஒப்பாரி வைக்க உரிமை கிடைத்த நாள் அது.

ஆனால் மேட்டில் இன்னும் பொழுது சாய்ந்துகொண்டுதான் இருக்கிறது, கற்பூரம் எரிகிறது, அழைத்தவள் வரவில்லை, பம்பைக்காரர் நெற்றி வியர்வையை வழித்துப்போட்டு மறுபடி அடிக்கிறார், பச்சையம்மாள் என்னையே பார்க்கிறாள், அப்போதுதான் எனக்குப் புரிகிறது, என்னை ஏன் வருந்தி வருந்தி அழைத்தாள் என்று, அக்காவின் ரத்தம் வேண்டும், என் மேல் ஏறி வந்து அக்கா நடத்துங்க என்று சொல்ல வேண்டும், கொன்றவர்களுக்கு அவள் வாயாலேயே மன்னிப்பு வாங்கிக்கொடுக்க நான் வேண்டும். என் உடம்பு ஆடத் தொடங்குகிறது, பயமா, கோபமா, அவளேதானா, தெரியவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு கால்விரல்களால் மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கிறேன், வராதேக்கா, வராதே, இவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாதே. அப்போது இலக்கியா முன்னால் வருகிறாள், வந்தது யாரும்மா, சொல்லு, என்று பம்பைக்காரர் அடியை வேகமாக்குகிறார், அவள் ஆடவில்லை, தலைவிரிக்கவில்லை, நான் இலக்கியாங்க, நிறுத்துங்க, என்கிறாள், பம்பை நிற்கிறது, அவள் பாட்டியிடம் திரும்பி, ஆயா, எங்கம்மா இதுக்குக் கீழதான் இருக்காங்களா, என்று கேட்கிறாள்.

பச்சையம்மாள் கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருள்கிறது, ஏழுமலை தோட்டத்தைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், மகளைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறார். அந்தப் பெண் படையலிலிருந்து சோடாவை எடுக்கிறாள், தொடாதடி, என்று யாரோ சொல்கிறார்கள், கட்டைவிரலை வைத்துக் கோலியை அழுத்துகிறாள், அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, அந்தச் சத்தம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், திறந்தால் அவள் குந்தி உட்கார்ந்து பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள், களக் களக் என்று, நொறுங்கிய செம்மண் அதைக் குடிக்கிறது, பன்னீர் வாசனை எழும்புகிறது, நுரை அடங்கிய பிறகும் மண்ணுக்குள்ளிருந்து ஒன்று, பிறகு இன்னொன்று, குமிழி குமிழியாக மேலே வந்துகொண்டிருக்கிறது, சின்னம்மா, உள்ள யாரோ மூச்சு விடறாங்க, என்கிறாள் இலக்கியா, ஆமாம்மா, என்கிறேன் நான், உங்கம்மாதான்.