நடுவில் வைத்த ஸ்விட்ச்

...கறுப்பு ஒயர் எர்த்துக்கு, வெள்ளை ஒயர் ஸ்விட்சுக்கு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கை தானாகவே ஈயத்தால் பற்றவைத்துவிட்டது, புகை மூக்கில் ஏறியது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனசு மட்டும் மேசையில் கிடந்த அண்ணன் கிட்டாரில் இல்லை. காலையில் அண்ணனுடைய பாண்டு மாஸ்டர் வந்து நின்ற கடை வாசலிலேயே அது இன்னும் நின்றுகொண்டிருந்தது. நல்ல மனுஷர். கோபமாக வந்திருந்தால்கூடத் தேவலை, இவளும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரோ தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு, ஏதோ இவளிடம் உதவி கேட்க வந்தவர் மாதிரி பேசினார். கொஞ்ச நாளாகவே அண்ணன் வாசிப்பு பாட்டை விட்டு விலகிப் போகிறதாம், பாடுகிற பெண் மேடையிலேயே தடுமாறி நின்றுவிட்டாளாம், ஹோட்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்க்கச் சொல்கிறார்களாம். "நீங்க அவர் தங்கச்சி, இந்த வேலை தெரிஞ்சவங்க. அவருக்குக் கேக்குதுன்னு சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, சனிக்கிழமை மேடை அவருக்குத்தான்." ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைச் சாயங்காலத்துக்குள் எங்கே போய்த் தேடுவது...

ஆனாலும் கிட்டாரில் நிஜமாகவே பழுது இருந்ததே, அதை யாரும் மறுக்க முடியாது. கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்கப், கழுத்துப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பிச் சுருள், மீட்டுகிற கம்பி அதிர்வதை அதுதான் ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லும். கழுத்துப் பக்கத்துச் சுருள் அறுந்து கிடப்பதை முந்தாநாள் மீட்டர் காட்டியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாருங்கண்ணா, இது செத்துக் கிடக்கு, அதான் உங்களுக்குச் சரியா கேக்கல என்று துள்ளினாள். செத்த சுருளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். காது நரம்பு பட்டுப்போகிறது, கருவி வைத்தாலும் சத்தம் வரும், பாட்டு வராது என்று டாக்டர் சொன்னதை அந்த ஒரு நிமிஷம் இருவருமே மறந்தார்கள். அண்ணனுக்கு ஒரே பெருமை. "நான்தான் சொன்னேனே பாப்பா, கோளாறு எங்கிட்ட இல்லன்னு." சொன்னாரா? சொல்லியிருப்பார்... கடவுளே, இந்தப் பழுது மட்டுந்தான் என்று இருக்கட்டும், வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று அவள் அன்றைக்கு வேண்டிக்கொண்டாள். பேரம் பேசுகிற மாதிரி வேண்டுவது தப்பு என்று தெரியும், இருந்தும் வேண்டினாள்.

பழைய பிக்கப் செய்த கம்பெனி இப்போது இல்லை. வேறொரு கம்பெனியுடையதைப் போட்டாள், காந்தம் பலமானது, சத்தம் கூடுதல். கடைக்கார முதலாளி எட்டிப் பார்த்து, என்ன, கலப்புக் கல்யாணமா, ஜாதகம் பார்த்தாச்சா என்று கேலி செய்துவிட்டுப் போனார். அவர் கேலி செய்தது சரிதான். தனித்தனியாக இரண்டுமே தங்கமாக இருக்கும், ஸ்விட்சை நடுவில் வைத்துச் சேர்த்துப் பேசவிட்டால்தான் தெரியும் சேதி. அண்ணனும் அண்ணியும்கூட அப்படித்தானே, தனியாகப் பேசினால் இரண்டு பேரும் என்ன நல்லவர்கள், ஒரே அறையில் உட்கார்ந்தால் ஒருவர் சொல்வதை ஒருவர் தின்றுவிடுவார்கள். வீட்டை விட்டுப் போகிற நாளில் அண்ணி இவளிடம் அழுதாள், நான் பேசறதே அவருக்குக் கேக்கல என்று. அதை அப்போது எல்லாரும் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டோம்... ஒருவேளை அண்ணி நிஜமாகவே அதைத்தான் சொன்னாளோ? அவ்வளவு நாளாகவா?

அண்ணன் வந்துவிட்டார், சலவைச் சட்டை, படிய வாரிய தலை, சனிக்கிழமை இன்றைக்கே வந்துவிட்டது மாதிரி. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். பாண்டில் அவருக்குக் காதுக்காரர் என்று பேர், ஹாலின் அந்தக் கோடியில் ஒரு கம்பி தளர்ந்தால் இங்கிருந்தே புருவத்தைத் தூக்குவார். அவள் அடிப்பக்கத்தை மட்டும் வைத்து மீட்டினாள், தலையாட்டினார். கழுத்துப் பக்கம், தலையாட்டினார். நடுவில் வைத்தாள், அவர் ஆயுசு முழுக்க வாசித்த இடம் அதுதான், மீட்டினாள்...

தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி, அடித்தொண்டையே இல்லாமல்.  முனைகளை எதிரும் புதிருமாகக் கொடுத்துவிட்டேன், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. கறுப்பு இந்தக் கம்பெனிக்கு எர்த் என்றால் அந்தக் கம்பெனிக்கு அதுவே உயிர்முனை, நிறத்தை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான். ஸ்க்ரூடிரைவரால் காந்தத்தைத் தொட்டு எடுத்தால் மீட்டர் முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று காட்டிவிடும், அதைக்கூடப் பார்க்கவில்லையே. சரி, திட்டப்போகிறார், முன்பெல்லாம் இப்படி ஒரு சத்தத்துக்கு ஒத்திகையை விட்டே எழுந்து போனவர்...

"பிரமாதம்டா பாப்பா," என்றார் அண்ணன். "இதுதான் என் சத்தம்."

அவள் கை கம்பியிலேயே நின்றுவிட்டது. மறுபடி மீட்டினாள், வேண்டுமென்றே, பலமாக. டப்பாச் சத்தம் அறை முழுக்க அலைந்தது. அவர் சிரித்த முகத்தோடு தலையாட்டினார். அப்போதுதான் கவனித்தாள், அவர் பார்வை கிட்டாரில் இல்லை, ஆம்பில் இல்லை, இவள் முகத்தில் இருந்தது. பாண்டு மாஸ்டருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை கிடைத்துவிட்டது, கேட்கவில்லை என்று, இவ்வளவு லேசாக, தேடாமலே. அவள் கிட்டாரைக் கவிழ்த்து மூடியைத் திறந்தாள், கேட்கிறவருக்குக் கேட்காவிட்டால் என்ன, வேலை வேலைதானே, அரைகுறையாக விடுவது பாவம். இரண்டு முனைகளையும் கழற்றினாள், இடம் மாற்றிப் பற்றவைத்தாள், கண்ணில் நீர் கட்டிக்கொண்டதால் ஈயச் சொட்டு ஒன்று தள்ளி விழுந்தது.

"தப்பாப் போட்டுட்டியா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, உதட்டை நன்றாக அசைத்து, ஆமாண்ணா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது என்றாள்.

"உன் முகம் விழுந்துருச்சு. பாவம், காலையிலேர்ந்து குனிஞ்சு உக்காந்து செஞ்சிருக்கே. அதான் நல்லாருக்குன்னேன்."

அப்படியென்றால் அவர் கேட்கிற மாதிரி நடித்தது மேடைக்காக இல்லையா, இவளுக்காகவா? தன் காது போன துக்கத்தின் நடுவே தங்கையின் வேலை கெட்டுப்போன துக்கத்தை எட்டிப் பிடித்து ஆறுதல் சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி இடமிருந்தது? இதைப் பாண்டு மாஸ்டரிடம் எந்த வார்த்தையில் சொல்வது, இதற்கு எந்த மேடை கொடுப்பார்கள்... எத்தனை நாளாக இப்படி முகங்களைப் பார்த்தே வாசித்துக்கொண்டிருந்தார்? பாடுகிற பெண் ஒருவேளை அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாளோ?

மூடியைப் பொருத்தினாள். ஸ்விட்சை நடுவில் வைத்தாள். மீட்டினாள். இந்தத் தடவை சத்தம் நிறைந்து வந்தது, ஆழமும் மினுக்கமுமாக, இரண்டு வீட்டுச் சுருள்களும் ஒரே மூச்சில், இவள் கையால் இதுவரை வந்ததிலேயே நல்ல சத்தம். அண்ணன் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்து, குழந்தை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குக் கேட்கப்போவது இந்த முகம் மட்டும்தான். கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.