தொட்டி தெளிந்த நாள்

அமெரிக்காவில், ஹேவர்டில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மரபணு மாற்றிய ஈ-கோலை பாக்டீரியாவுக்குச் சோளச் சர்க்கரையைக் கொடுத்தால், கார்ப்பெட் நூலுக்கான ரசாயனத்தைச் செய்து தரும். பெட்ரோலியம் வேண்டாம். பெரிய டாங்கில் இதைச் செய்து காட்டினால் முதலீட்டாளர்கள் பணம் போடுவார்கள். இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பங்குச் சந்தை சரிந்து கிடந்த 2008 அக்டோபரில் இரண்டாவது தடவை கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

டாங்க் யாசினின் பொறுப்பு.

அவன் மனைவி முனவ்வரா பிப்ரவரியில் மௌத்தாகியிருந்தாள். சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்துக்குப் போய்விட்டது. மாற்றி மாற்றி ஏற்றிய எந்த மருந்துக்கும் மசியவில்லை. ரிப்போர்ட்டில் இருந்த கிருமியின் பெயர் ஈ-கோலை. அவன் வேலைக்குத் திரும்பிய பிறகு லேபில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘நம்ம ஆளுங்க’ என்பார்கள்.

“நம்ம ஆளுங்க ஒழுங்கா சாப்பிடுறாங்களாண்ணா?” என்றபடி வந்தாள் ஃபெபி. நாகர்கோவில் பெண், அவனோடு டாங்கைப் பார்த்துக்கொள்பவள். அவள் விசா இந்தக் கம்பெனியை நம்பித்தான் இருந்தது.

“இல்ல.”

திரையைப் பார்த்தாள். பாக்டீரியா உயிரோடு இருந்தால் டாங்கில் ஆக்சிஜன் குறையும். அது ஏறிக்கொண்டிருந்தது.

“சென்சார் லூசாயிருக்கும். போன மாசமும் நம்மள இப்படித்தான் சுத்தல்ல விட்டுச்சு.”

“மாத்திப் பாத்துட்டேன்.”

டாங்கின் கண்ணாடிக்குப் பின்னால், கஞ்சி போலக் கலங்கியிருந்த திரவம் தெளியத் தொடங்கியிருந்தது. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. நீராவி விட்டு எல்லாவற்றையும் அவித்துக் கொட்ட வேண்டும்.

“ஏதாவது பண்ணுங்கண்ணா. டெம்பரேச்சர் கம்மி பண்ணலாமா?”

“பண்ணியாச்சு.”

“வேற?”

அவன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். ஐசியு வாசலில் முனவ்வராவைப் பார்த்த டாக்டரும் இப்படித்தான் நின்றார்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாப்போமா? சிலது தப்பிச்சு வளரும்னு படிச்சிருக்கேன்.”

வளரும். ஆனால் நாளைக்கு முதலீட்டாளர்களுக்குக் காட்ட எதுவும் இருக்காது. அன்று அவனும் இதையேதான் கேட்டான். ‘சரி, பார்ப்போம்’ என்றார் டாக்டர். அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடி வந்தபோது முதலில் அவனை உட்காரச் சொன்னார்.

“சரி, பாப்போம்” என்றான்.

ஃபெபி ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். ஜெபத்தில் உதடுகள் அசைந்தன.

“நீங்களும் துஆ கேளுங்கண்ணா.”

“ஈ-கோலைக்காகவா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

சற்று நேரத்தில் உள்ளே சுற்றும் விசிறியின் தகடுகள் தெரிந்தன. பாக்டீரியா பெருகிய பிறகு கலங்கலில் அவை தெரிந்ததே இல்லை.

யாசின் போய் நீராவி வால்வைத் திறந்தான்.

“பாஸ் முதலீட்டாளர்களோட மீட்டிங்ல இருக்காரு” என்றாள் ஃபெபி. “யாருண்ணா சொல்றது?”

“நான் போன் பண்றேன். முதல்ல அவர உக்காரச் சொல்லணும்.”