ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்

இளந்தென்றல் விளையாட்டுக் கழகத்தின் ஐரோப்பியச் சரித்திரத்தை யார் கேட்டாலும் ஆனந்தராசா ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். சொல்வதற்கு அதில் அதிகம் இல்லை.

1993இல் பாரிசில் நடந்த ஐரோப்பியத் தமிழர் உதைபந்தாட்டக் கிண்ணத்துக்குப் போக இத்தாலியின் பலெர்மோவிலிருந்து பதினான்கு பேர் விசாவுக்கு எழுதிப் போட்டார்கள். பதினான்கு பேருக்கும் இல்லையென்று வந்தது. மைதானத்துக்கே வராத அணி தோற்றதாக அறிவித்தார்கள். 1995இல் ஐந்து பேருக்கு விசா கிடைத்தது. மிச்ச ஆறு பேரைப் பாரிசில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் கேட்டுச் சேர்த்தார்கள். இரண்டு ஆட்டம், ஒன்பது கோல் வாங்கி, ஒன்றும் போடாமல் திரும்பினார்கள். கோல் காக்கிற பவுல் மன்னார்க்காரன், நல்ல கெட்டிக்காரன். தனக்கு முன்னால் நிற்கிறவர்களின் பெயரே தெரியாமல் அவன் யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வான்?

அந்த முறை இன்னொன்றும் நடந்தது. அதை ஆனந்தராசா யாருக்கும் சொல்வதில்லை. நாலாவது கோல் விழுந்தபோது ஒலிபெருக்கியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவன், "பலெர்மோக்காரர் வீடு கூட்டித் துடைக்கிறதிலை விண்ணர், இண்டைக்கு மைதானத்தையும் துடைச்சுவிட்டிட்டினம்" என்றான். சுற்றி நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கழகத்தின் செயலாளரான ஆனந்தராசாவும் ஒப்புக்குப் பல்லைக் காட்டினார். ஆறு வருடமாக ஓர் இத்தாலியச் சீமாட்டியின் எட்டு அறை வீட்டைக் கூட்டித் துடைக்கிற கை அவருடையது. அந்தச் சிரிப்பை அவர் பலெர்மோவரை கொண்டுவந்தார். பிறகும் அது அவரை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது முறை போனது 1998 ஓகஸ்ட்டில். அந்த வருடம் எல்லைச் சட்டம் மாறியிருந்தது. பெர்மெசோ என்கிற இத்தாலிய வதிவிட அனுமதி கையில் இருந்தால் விசா இல்லாமலே பிரான்சுக்குப் போய்வரலாம். அவர்கள் முதல்தடவையாகச் சொந்த ஆட்களோடு ஓர் அணியாகப் போனார்கள். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. அந்த நேரமெல்லாம் பலெர்மோவின் கால்சாப் பகுதியில், கடற்கரைப் பக்கத்து வெறும் நிலத்தில், கல்லையும் போத்தல் துண்டையும் பொறுக்கி எறிந்துவிட்டுப் பழகிய பெடியள். பன்னிரண்டு பேர்.

அவர்களில் நடு முன்னணிக்கு விளையாடியவன் றஞ்சித். இருபத்தாறு வயது. நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்குகிற வேலை. அதிகம் கதைக்கமாட்டான். பந்து காலுக்கு வந்தால் மட்டும் வேறு ஆள். தகப்பன் இல்லை. தாய் யோகாம்பாள் சண்டை நடக்கிற வன்னிக்குள், ரெலிபோன் இல்லாத, கடிதமும் ஒழுங்காகப் போகாத இடத்தில் இருந்தா. தாயின் குரலை அவன் கேட்டு இரண்டு வருடம்.

சனிக்கிழமை இரண்டு ஆட்டங்களிலும் வென்றார்கள். கழகத்தின் முதலாவது ஐரோப்பிய வெற்றியும் இரண்டாவது வெற்றியும் ஒரே நாளில் வந்தன. நாலு கோலில் மூன்று றஞ்சித் போட்டது. ஆனால் சுரேசுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது. மாற்றுக்கு ஆள் இல்லை, சரியாகப் பதினொரு பேர்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் பலெர்மோவிலிருந்து ஆனந்தராசாவின் மனைவி குகனேஸ்வரி ரெலிபோன் எடுத்தாள். பெடியள் முற்றத்தில் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எடுத்தது ஆனந்தராசா.

"இஞ்சாருங்கோ, றஞ்சித்தின்ரை தமக்கை வவுனியாவிலையிருந்து எடுத்தவா. தாய் வன்னியாலை வெளியிலை வரப் பாஸ் எடுத்துக் கண் ஒப்பிரேசனுக்கு வந்து நிக்கிறாவாம். இண்டைக்குப் பின்னேரம்தான் ஆசுப்பத்திரியாலை விடுகினமாம். விடியப்புறம் திரும்பி உள்ளுக்குப் போயிடவேணுமாம். அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் ஒரு ரெலிபோன் கடையிலை இருப்பினமாம். தம்பியை அந்த நேரம் எடுக்கட்டாம்."

"அங்கை அஞ்சு எண்டால் இஞ்சை ஒரு மணி."

"ஓம். ஒண்டிலையிருந்து மூண்டு மட்டும். நம்பரை எழுதுங்கோ. மறந்துபோடாதேங்கோ."

அவர் மறக்கவில்லை. நம்பரை எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அரையிறுதி ஆட்டம் பதினொன்றரைக்கு. பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்துவிடும். முடிந்த கையோடு சொன்னால், பெடியன் ஆறுதலாகப் போய்த் தாயோடு கதைக்கலாம். இப்போதே சொன்னால் விளையாட்டில் மனம் நிற்காது. இதில் என்ன பிழை என்று அவர் தன்னையே கேட்டார். பிழை ஒன்றும் தெரியவில்லை. உண்மையும் அதுதான், அந்த நேரம்வரைக்கும் பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் அன்றைக்கு மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே சண்டை வந்தது. ஒருவன் இரண்டு கழகங்களின் பெயரில் விளையாடிவிட்டான் என்று தகராறு. மேசையைச் சுற்றி நூறு பேர் நின்று கத்தினார்கள். பதினொன்றரை போனது, பன்னிரண்டரை போனது. பலெர்மோ அணி மைதானத்துக்குள் இறங்கியபோது ஒன்றேகால்.

அப்போது சொல்லியிருக்கலாம். ரெலிபோன் கூடு இருந்தது பஸ் நிற்கிற சந்தியில், கால்மணி நேர நடை. றஞ்சித் போனால் பத்துப் பேர். எதிரில் நிற்பது ஜேர்மனியிலிருந்து வந்த அணி, முந்தின வருடம் கிண்ணம் எடுத்தவர்கள். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று ஆனந்தராசா கணக்குப் போட்டார்.

இடைவேளையில் அணி ஒரு கோல் பின்னால் நின்றது. இப்ப சொல்லுவம் என்று எழும்பி றஞ்சித்துக்குக் கிட்டப் போனார். அவன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"யோசியாதேங்கோ ஆனந்தண்ணை. ஒண்டு போடுவன்."

"ஓமடா தம்பி, போடு" என்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அவன் சொன்னபடி போட்டான். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, இரண்டு பேருக்கு நடுவால் புகுந்து, விழுந்துகொண்டே அடித்தது. அதே ஒலிபெருக்கி, அதே குரல், "பலெர்மோவை என்னெண்டு நினைச்சியள்!" என்று கத்தியது. ஆனந்தராசாவுக்குக் கண் கலங்கிப் போய்விட்டது. மேலதிக நேரம் கொடுத்தார்கள். அதிலும் சமன். மணிக்கூட்டைப் பார்த்தார், இரண்டே முக்கால். பெனல்ற்றி தொடங்கியது. பவுல் இரண்டைப் பிடித்தான். கடைசி அடி றஞ்சித்தின் அடி. அது வலைக்குள் போனபோது மூன்று மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது.

பெடியள் அவனைத் தோளில் தூக்கினார்கள். ஆனந்தராசா அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, ஓடிவா. கொம்மா வவுனியாவிலை ரெலிபோனுக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறா."

"அம்மாவோ? எப்ப அண்ணை சேதி வந்தது?"

"இப்பத்தான். நாங்கள் நிண்ட வீட்டிலையிருந்து ஆள் வந்து சொன்னது."

அந்தப் பொய்யை அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் திறந்தது, வந்துவிட்டது. இரண்டு பேரும் ஓடினார்கள். பூட்ஸோடு தார் வீதியில் றஞ்சித் இரண்டு தரம் சறுக்கினான். கூட்டுக்குள் ஒரு கிழவி நின்று ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருந்தா. கும்பிட்டுக் கேட்டபிறகுதான் வெளியே வந்தா. நாலாவது தரம் அடித்தபோதுதான் லைன் கிடைத்தது. அப்போது மூன்று இருபது.

கடைக்காரன் எடுத்தான். றஞ்சித் தாயின் பெயரைச் சொன்னான். பிறகு "ஓம்... ஓம்... ஓம் அண்ணை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான். ரிசீவரை மாட்டிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்தான்.

"ஏழு பத்துக்குத்தான் எழும்பிப் போனவாவாம். கடை பூட்டுற நேரமாம். பிந்தினால் ஆமிச் சென்றியிலை கரைச்சல் எண்டு அக்கா இழுத்துக்கொண்டு போனவாவாம்."

இறுதி ஆட்டத்தில் மூன்று கோலால் தோற்றார்கள். றஞ்சித் மைதானத்தில் நின்றான், அவ்வளவுதான். இரண்டாம் இடத்துக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். திரும்பி வருகிற ரயிலில், மெசினா நீரிணையைக் கடக்க ரயிலைக் கப்பலில் ஏற்றியபோது, எல்லாரும் மேல்தட்டுக்குப் போய்விட்டார்கள். றஞ்சித் மட்டும் ஆனந்தராசாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

"அண்ணை, நீங்கள் சேதி வந்த உடனை என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினனீங்கள். வேறை ஆரும் எண்டால் கிண்ணம்தான் முக்கியம் எண்டு பேசாமல் இருந்திருப்பினம். அதை நான் மறக்கமாட்டன்."

ஆனந்தராசா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கப்பலின் வயிற்றுக்குள் பார்க்க ஒன்றும் இல்லை, இருட்டு.

யோகாம்பாள் அந்த நவம்பரில் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனா. கடிதம் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்து சேர்ந்தபோது தை மாதம் பிறந்திருந்தது. பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் றஞ்சித் இருந்த மாடிவீட்டில் படம் வைத்து, விளக்கேற்றி, தெரிந்த சனமெல்லாம் கூடியது. ஆனந்தராசா குகனேஸ்வரியோடு போயிருந்தார். வந்தவர்களுக்கு றஞ்சித் அந்தக் கதையைச் சொன்னான்.

"கடைசியாக் கதைக்கக் கிடைச்ச நேரம் பத்து நிமிசத்தாலை தவறிப்போச்சு. பெனல்ற்றி முடியேக்கைதான் சேதி வந்தது. ஆனந்தண்ணைதான் என்னோடை ஓடினவர்."

தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த குகனேஸ்வரி அப்படியே நின்றாள். கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக் கதவைப் பூட்டியபிறகுதான் கேட்டாள்.

"நான் காலமை ஒன்பது மணிக்கெல்லோ சொன்னனான்?"

அவர் நடந்ததைச் சொன்னார். ஒன்றேகால், இடைவேளை, மேலதிக நேரம் என்று ஒவ்வொன்றாக. சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் முன்பு இருந்ததைவிடச் சின்னதாகிக்கொண்டு போவது அவருக்கே தெரிந்தது.

"அந்த மனுசி ரெண்டு மணித்தியாலம் ரெலிபோனைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கு" என்றாள் குகனேஸ்வரி. "அவன் உங்களைக் கும்பிடாத குறையாக் கதைக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு என்னாலை இருக்கேலாது. நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன்."

வியாழன் பின்னேரம் அவர் சியாகுல்லிக்குப் பஸ் ஏறினார். பிந்தின மண்டரின் பழுத்து, மரங்கள் தாழ்ந்து கிடந்தன. றஞ்சித் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். மொட்டை அடித்த தலையில் மயிர் அரும்பியிருந்தது.

"என்ன அண்ணை, இவ்வளவு தூரம்?"

இருக்கச் சொல்லிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டான். அவர் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். நியாயம் ஒன்றும் சேர்க்காமல், காலை ஒன்பது மணியிலிருந்து சொன்னார். பொய் சொன்னதையும் சொன்னார்.

றஞ்சித் கையிலிருந்த பழம் வெட்டுகிற கத்தரிக்கோலை மூடிப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

"நீங்கள் அண்டைக்குக் காலமையே சொல்லியிருந்தாலும், மச் முடிச்சுப்போட்டுத்தான் போயிருப்பன் எண்டு சொல்லத்தான் பாக்கிறன் அண்ணை" என்றான். "அப்பிடிச் சொன்னால் உங்களுக்கும் சுகம், எனக்கும் சுகம். வாய்க்கு வருகுதில்லை."

"நீ ஒண்டும் சொல்லவேண்டாம் தம்பி."

"நான் போயிருப்பன். பாதியிலை விட்டிட்டுப் போயிருப்பன்." அவன் குரல் அப்போதுதான் உடைந்தது. "உங்களுக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் சொல்லேல்லை."

ஆனந்தராசா தன்னிடமே அதுவரை சொல்லாத வார்த்தையை அந்தப் பெடியன் சொல்லிவிட்டான். தோட்டக்காரன் தூரத்திலிருந்து கூப்பிட்டான். றஞ்சித் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு றஞ்சித் விளையாட வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கால் நோவு என்றான். ஆனந்தராசாவைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கக் கூடியதாக இருந்திருக்கும். செயலாளர் பதவியை அவர் விட்டார். 1999இல் கிண்ணத்துக்கு அழைப்பு வந்தது. முன்னுக்கு விளையாட ஆள் இல்லையென்று கழகம் போகவில்லை.

தாயின் ஆண்டுத் திவசம் முடிந்து, அந்தக் கார்த்திகைக் கடைசியில் றஞ்சித்துக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். பெண் அற்புதமலர், கொழும்பிலிருந்து வந்தவள். கலியாணக் காட் தபாலில் வந்தது. உறையில் 'திருமதி குகனேஸ்வரி' என்று மட்டும் எழுதியிருந்தது.

குகனேஸ்வரி அதை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நான் போகட்டோ?"

"போ. போகத்தான் வேணும். அவனுக்குத் தாய் ஸ்தானத்திலை நிக்க ஆர் இருக்கினம்?"

மண்டபம் வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலுக்கு எதிர்ப்பக்கத்து நடைபாதையிலேயே நின்றுகொண்டார். வந்தவர்களை வரவேற்க வேட்டி சால்வையோடு றஞ்சித் வெளியே வந்தான். குகனேஸ்வரியின் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, வீதிக்கு அப்பால் நிற்கிறவரைக் கண்டான். ஒரு கார் போனது, பின்னால் ஒரு வான் போனது. அவன் இன்னும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் போனான்.

மழை தூறத் தொடங்கியது. ஆனந்தராசா சட்டைக் கழுத்தை உயர்த்திக்கொண்டு, கலியாணம் முடியும்வரை அங்கேயே நின்றார்.